பழைய முகம், உள்ளே எந்தக் கார்? - வாகனக் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே மாதிரிக் கார்களைப் பற்றியவை. மினி, ஃபியட் 500, நியூ பீட்டில், பி.டி. குரூசர், நிஸான் ஃபிகாரோ என்று, பழைய காலத்துச் சாயலில் செய்த ‘ரெட்ரோ’ சின்னக் கார்களைச் செகண்ட் ஹேண்டில் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். பட்டறையில் இந்தக் கார்களின் அடியில் படுத்து வேலை பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இவற்றின் மேல் பிரியம் உண்டு. அந்தப் பிரியத்தோடுதான் சொல்கிறேன், இவற்றை வாங்கும்போது கூடுதல் கவனம் வேண்டும்.

கேள்வி: சின்ன வயதிலிருந்தே எனக்குப் பீட்டில் மேல் ஆசை. 2003-ம் வருட நியூ பீட்டில் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. ‘பழைய பீட்டில் மாதிரியேதான், எந்த மெக்கானிக்கும் கையை வைத்துவிடுவார்’ என்கிறார் விற்பவர். நம்பலாமா? (பள்ளி ஆசிரியை ஒருவர்)

பதில்: ஆசையை விட வேண்டாம் அம்மா. அந்தப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். பழைய பீட்டிலுக்கு இன்ஜின் பின்னால் இருக்கும், காற்றிலேயே சூடு தணியும், ரேடியேட்டரே கிடையாது. நியூ பீட்டிலுக்கு இன்ஜின் முன்னால். கூலன்ட், ரேடியேட்டர், முன்சக்கர இயக்கம் எல்லாம் உண்டு. 1994-ல் டெட்ராய்ட் கண்காட்சியில் ‘கான்செப்ட் ஒன்’ என்ற பெயரில் மாதிரியாக வைத்தார்கள். 1998-ல் விற்பனைக்கு வந்தபோது அந்த வளைந்த உடம்புக்கு அடியில் இருந்தது நான்காம் தலைமுறை கோல்ஃப்.

இது உங்களுக்குச் சாதகமான விஷயம். கோல்ஃப் உலகம் முழுக்க ஓடிய கார் என்பதால் பிரேக், சஸ்பென்ஷன், இன்ஜின் சாமான்களைத் தேடி அலைய வேண்டியிருக்காது. அலைச்சல் எல்லாம் அந்த முகத்தைச் சேர்ந்த சாமான்களுக்குத்தான். ஹெட்லைட், ஃபெண்டர், கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு ஆகியவை இந்தக் காருக்கு மட்டுமே உரியவை. அதனால் என் கணக்கு மற்றவர்கள் கணக்குக்கு நேர்மாறாக இருக்கும். சாதாரணக் காரில் ஹெட்லைட் உடைந்திருந்தால் பொருட்படுத்த மாட்டேன், இன்ஜினைப் பார்ப்பேன். ரெட்ரோ காரில் இன்ஜினையும் பார்ப்பேன், வெளியே உள்ள ஒவ்வொரு பிளாஸ்டிக் துண்டும் முழுசாக இருக்கிறதா என்றும் பார்ப்பேன்.

இந்தக் காரில் கதவை மெதுவாகத் திறந்து பாருங்கள். கண்ணாடியைச் சுற்றிக் கதவுக்குச் சட்டம் கிடையாது. கைப்பிடியை இழுத்ததும் கண்ணாடி ஒரு விரல்கனம் கீழே இறங்கி வழிவிட வேண்டும், கதவைச் சாத்தியதும் மேலே ஏறி ரப்பரில் உட்கார வேண்டும். இறங்கவில்லை என்றாலோ, ஏறும்போது கரகரத்தாலோ, உள்ளே கண்ணாடியைத் தூக்கும் அமைப்பில் கோளாறு. அதன் பிளாஸ்டிக் கிளிப்புகள் உடைவது இந்த மாடலில் ஊரறிந்த விஷயம். பிறகு டைமிங் பெல்ட், அதாவது இன்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் மோதாமல் ஒத்து ஓடவைக்கும் ரப்பர் பட்டை. எப்போது மாற்றினார்கள் என்பதற்குப் பில் கேளுங்கள். ‘மாற்றியாச்சு’ என்ற வாய்வார்த்தைக்கு மதிப்பில்லை. பெல்ட்டுக்குக் கிலோமீட்டர் கணக்கோடு வருடக் கணக்கும் உண்டு, ஓடாமல் நின்ற காரிலும் ரப்பர் கெடும். பில் இல்லையென்றால் பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துவிட்டுப் பேசுங்கள்.

ஆட்டோமேட்டிக் கியராக இருந்தால், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு ஓட்டிப் பார்க்க வேண்டும். குளிர்ந்திருக்கும்போது ஒழுங்காக விழும் கியர், சூடானதும் முட்டித் தள்ளலாம். உள்ளே கைப்பிடிகளின் மேல் பூசிய மெத்தென்ற பூச்சு உரிந்திருந்தால் கவலை வேண்டாம், அது வெறும் தோற்றம்தான்.

கேள்வி: 2008 மினி கூப்பர் எஸ் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். ‘இதில் டைமிங் செயின், ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்’ என்கிறார் விற்பவர். யார் சொல்வது சரி? (மென்பொருள் துறை இளைஞர்)

பதில்: நண்பர்கள் பக்கம்தான் நியாயம் அதிகம். ஆனால் அவர்கள் எல்லா மினியையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள்.

பி.எம்.டபிள்யூ. கைக்குப் போன பிறகு வந்த மினியைத் தலைமுறை தலைமுறையாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். 2001-ல் வந்த முதல் தலைமுறையில் 1.6 லிட்டர் இன்ஜின், கிரைஸ்லருடன் கூட்டாகச் செய்தது, பிரேசிலில் தயாரானது. அதன் வேகமான மாடலான கூப்பர் எஸ்-ல், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர். 2006 கடைசியில் வந்த இரண்டாம் தலைமுறைக்கு பெஜோ-சிட்ரோயனுடன் சேர்ந்து உருவாக்கிய இன்ஜின், கூப்பர் எஸ்-ல் டர்போ. 2014-ல் வந்த மூன்றாம் தலைமுறையில் பி.எம்.டபிள்யூ.வின் சொந்த இன்ஜின்கள், சாதாரணக் கூப்பரில் மூன்று சிலிண்டர். வெளியே பார்த்தால் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே மூன்றும் மூன்று வேறு கார்கள்.

நீங்கள் பார்த்திருப்பது இரண்டாவதின் ஆரம்ப காலத்து டர்போ இன்ஜின். N14 என்பார்கள். பெல்ட்டின் வேலையை இதில் செய்வது இரும்புச் செயின், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தை நம்பியிருக்கிறது. இந்த இன்ஜின் ஆயில் குடிக்கும் சுபாவம் உள்ளது. ஆயில் குறைவதைக் கவனிக்காமல் ஓட்டினால் செயின் தளரும். தளர்ந்தால் சத்தம் வரும், அதையும் விட்டால் பல் தாவி வால்வும் பிஸ்டனும் மோதும். ஆகவே ‘ஆயுசுக்கும்’ என்ற பேச்சை ஒதுக்கிவிடுங்கள்.

இனி பார்க்கும் முறை. விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள், நான் வரும்வரை காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று. போனதும் பேசிக்கொண்டே பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். வெயிலில் நிற்காத கார் வெதுவெதுப்பாக இருந்தால், உங்களுக்காக முன்னாடியே சூடேற்றி வைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடலாம். குளிர்ந்திருந்தால் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். கீழ்க்கோட்டுக்கும் கீழே ஆயில் இருந்தால் அந்த ஒன்றே போதும், வேறு சோதனை தேவையில்லை. சரியாக இருந்தால், உள்ளே வேறொருவரை உட்காரவைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லி, நீங்கள் பானெட்டைத் திறந்துவைத்து இன்ஜினுக்குப் பக்கத்தில் நில்லுங்கள். முதல் சில வினாடிகள்தான் முக்கியம். டீசல் இன்ஜின் போல, உலோகம் உலோகத்தில் தட்டுவது மாதிரி கடகடவென்று சத்தம் வந்து, கொஞ்ச நேரத்தில் அடங்கினால் அது செயின். ‘குளிரில் எல்லா இன்ஜினும் அப்படித்தான்’ என்பார்கள். ஏற்காதீர்கள்.

இதே இன்ஜினில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால், உள்ளிழுக்கும் வால்வுகளைப் பெட்ரோல் கழுவுவதில்லை. நாள்பட அங்கே கரி கெட்டியாகப் படியும். ஸ்டார்ட் ஆனதும் தடுமாறுவதும், இழுவை குறைவதும் அதனால்தான். வால்நட் ஓட்டுத் தூளை அழுத்தத்தில் பீய்ச்சிச் சுத்தம் செய்வார்கள். அதற்கான பில் கோப்பில் இருந்தால், வைத்திருந்தவர் விவரம் தெரிந்தவர் என்று அர்த்தம். எனக்கு அந்த ஒரு பில் புது அலாய் வீலைவிடப் பெரிய விஷயம்.

பானெட் திறந்திருக்கும்போதே, முன் சஸ்பென்ஷன் மேலே வந்து உட்காரும் இரண்டு பக்கத்து இரும்புத் தட்டுகளையும் பாருங்கள். மினியோடு வரும், காற்று இறங்கினாலும் ஓடக்கூடிய ரன்-ஃபிளாட் டயரின் சுவர் கெட்டியானது. பள்ளத்தில் விழுந்த அடி மேலே வந்து அந்தத் தட்டைக் காளான் மாதிரி புடைக்கவைத்துவிடும். மேலே ஒரு ஸ்கேலை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். தெர்மோஸ்டாட் இருக்கும் பக்கத்தில் காய்ந்த கூலன்ட் கறை இருக்கிறதா என்றும் டார்ச் அடித்துப் பாருங்கள்.

இதையெல்லாம் தாண்டி வந்த கார் என்றால் தாராளமாக வாங்குங்கள், ஓட்டுவதற்கு அவ்வளவு அருமையான சின்னக் கார் குறைவு. இல்லையென்றால் 2010-க்குப் பிறகு வந்த, N18 இன்ஜின் போட்ட கூப்பர் எஸ்-ஐத் தேடுங்கள், அல்லது டர்போ இல்லாத சாதாரணக் கூப்பரைப் பாருங்கள். முதல் தலைமுறையில் ‘கூப்பர்’, ‘ஒன்’ என்ற இரண்டு மாடலுக்கும் வந்த சி.வி.டி. என்ற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. அந்தத் தலைமுறை வேண்டுமென்றால் மேனுவல் கியரில் வாங்குங்கள்.

கேள்வி: பத்து வருடமாகியும் மிகக் குறைவாகவே ஓடிய கார் என்கிறார்கள். புதுசு மாதிரி இருக்கிறது. இதைவிட நல்லது கிடைக்குமா? (வங்கி ஊழியர்)

பதில்: கிடைக்கலாம். இந்தக் கார்களைப் பலர் இரண்டாவது காராகத்தான் வாங்குகிறார்கள், அதனால் குறைவாக ஓடியிருப்பது நடக்கக்கூடியதுதான். ஆனால் முதலில் அது உண்மையா என்று பாருங்கள். பிரேக் பெடல் ரப்பரின் ஓரம், ஸ்டீயரிங்கின் பளபளப்பு, டிரைவர் சீட்டில் ஏறி இறங்கும் பக்கத்து மடிப்பு இவை மீட்டரைவிட நேர்மையானவை. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019-ம் வருடம் 23-ம் வாரத்தில் செய்த டயர். அதிகம் ஓடாத காருக்கு நான்கு டயரும் ஏற்கெனவே மாற்றியிருந்தால் காரணம் கேளுங்கள். நிஜமாகவே நின்றே இருந்ததால் டயர் ரப்பரில் வெடிப்பு விழுந்து மாற்றியிருக்கலாம், அதற்குப் பில் இருக்க வேண்டும்.

உண்மை என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்தில் உள்ள கடைக்கு மட்டும் போய் வந்த கார் ஒருநாளும் முழுசாகச் சூடேறியிருக்காது. ஆயிலில் ஈரமும் எரியாத பெட்ரோலும் சேர்ந்து தேங்கும். ஆயில் மூடியைத் திறந்து அடிப்பக்கத்தில் வெண்ணிறப் பசை இருக்கிறதா என்று பாருங்கள். வருடா வருடம் ஆயில் மாற்றி, நீண்ட தூரம் ஓடிய காரை, கையெழுத்தும் தேதியும் விழுந்த சர்வீஸ் புத்தகத்தோடு யாராவது கொடுத்தால் நான் அதையே எடுப்பேன்.

இன்னொன்றும் செய்யுங்கள். காரின் கணினியைப் படிக்கும் சின்னக் கருவியை மெக்கானிக் கொண்டுவருவார். ‘கோளாறு எதுவும் பதிவாகவில்லை’ என்பதோடு நிறுத்தாமல், சுயபரிசோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பல பரிசோதனைகள் முடியாமல் இருந்தால், சமீபத்தில் யாரோ கோளாறு எண்களை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். சில நாள் ஓட்டச் சொல்லிவிட்டு மறுபடி போய்ப் பாருங்கள்.

கேள்வி: மகளுக்கு ஃபியட் 500 பிடித்திருக்கிறது. கிளட்ச் இல்லாத மாடலாகப் பார்க்கிறோம். பாதுகாப்பாக இருக்குமா, செலவு வைக்குமா? (ஓய்வுபெற்ற அரசு ஊழியர்)

பதில்: இந்த வகைக் கார்களில் முதல் காராக வாங்க ஏற்றது ஃபியட் 500 என்பது என் அபிப்பிராயம். 1957 ஜூலை 4-ல் பழைய 500 வெளிவந்தது. சரியாக ஐம்பது வருடம் கழித்து, 2007-ல் அதே தேதியில் இதை அறிமுகம் செய்தார்கள். அடியில் இருப்பது ஃபியட் பாண்டா. 2008-ல் வந்த ஃபோர்டு கா-வும் இதன் உடன்பிறப்புதான், இரண்டும் போலந்தில் ஒரே ஆலையில் செய்யப்பட்டவை. 1.2 லிட்டர் இன்ஜின் பழைய, எளிமையான வடிவமைப்பு. வேகம் குறைவு, தொல்லையும் குறைவு. இரண்டே சிலிண்டர் கொண்ட ட்வின்ஏர் ஓட்டச் சுவையானது. ஆனால் அதன் உள்ளிழுக்கும் வால்வுகளை இயக்குவதே ஆயில் அழுத்தம்தான். சரியான ஆயிலை நேரத்துக்கு மாற்றிய சான்று இருந்தால் மட்டும் அதைப் பாருங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. கிளட்ச் பெடல் இல்லாத டியூவலாஜிக், சாதாரண ஆட்டோமேட்டிக் அல்ல. உள்ளே மேனுவல் கியர்பாக்ஸும் ஒற்றைக் கிளட்ச்சுமே இருக்கின்றன. காலுக்குப் பதில் ஒரு ஹைட்ராலிக் அமைப்பு கிளட்ச்சை மிதிக்கிறது. எனவே கிளட்ச் தேயும், மாற்ற வேண்டிவரும். டிரைவர் கதவைத் திறந்ததும் ‘ஙிய்ய்’ என்று ஒரு பம்ப் சில வினாடி ஓடி நிற்பது கேட்கும். அது இயல்பு. கார் நிற்கும்போது அந்தப் பம்ப் அடிக்கடி மறுபடி மறுபடி ஓடினால் உள்ளே அழுத்தம் கசிகிறது. அந்தக் காரை விட்டுவிடுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது சின்ன மேட்டில் நிறுத்தி எடுக்கச் சொல்லுங்கள், உதறல் இருந்தால் கிளட்ச்சின் காலம் முடிகிறது. மகளுக்கு மேனுவல் ஓட்டத் தெரியும் என்றால் என் ஓட்டு மேனுவலுக்குத்தான்.

பின்கதவில் நம்பர் பிளேட் விளக்கு, வைப்பர் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள், கீல் பக்கம் வளைந்து வளைந்து வயர் அறுவது வழக்கம். கதவுக் கைப்பிடியையும் இழுத்துப் பாருங்கள்.

பாதுகாப்பைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். 2007-ல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பிய அமைப்பின் மோதல் சோதனையில் இது ஐந்து நட்சத்திரம் பெற்றது. 2017-ல் புது விதிகளின்படி மறுபடி சோதித்தபோது மூன்றுதான். கார் மோசமாகிவிடவில்லை, சோதனை கடுமையாகிவிட்டது. நகரத்துக்குள் ஓட்ட இது போதும். தினமும் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போகிற வேலை என்றால், மகளிடம் உட்கார்ந்து பேசி வேறு கார் பாருங்கள்.

கேள்வி: நிஸான் ஃபிகாரோவைத் தினசரி உபயோகத்துக்கு வாங்கலாமா? (ஓவியர்)

பதில்: வேண்டாம். அழகுக்கு அதை மிஞ்ச ஆள் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். 1991-ல் மட்டும் விற்பனைக்கு வந்தது, மொத்தம் சுமார் 20,000 கார்கள், கேட்டவர்கள் அதிகமாகி ஜப்பானில் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். அடியில் நிஸான் மார்ச், ஒரு லிட்டருக்குச் சற்றே குறைந்த டர்போ இன்ஜின், மூன்று கியர் ஆட்டோமேட்டிக். இன்ஜினை யாராவது பார்த்துவிடுவார்கள். உடம்பு துரு பிடித்தால்தான் கஷ்டம். லிஃப்டில் ஏற்றி, அடித்தளத்தையும் கதவுக்குக் கீழே ஓடும் பட்டையையும் ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். ணங்கென்று வர வேண்டும், மொத்தென்று வந்தால் உள்ளே பட்டி வைத்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வார இறுதிக்கு ஓட்ட, மழையில் நிறுத்தாமல் வைத்துக்கொள்ள உங்களுக்கு இடம் இருந்தால், வாங்கிக் கொண்டாடுங்கள். தினசரி வேலைக்கு வேறொன்று வையுங்கள்.

கேள்வி: நான்கு பேர் குடும்பம். ரெட்ரோ காரும் வேண்டும், இடமும் வேண்டும். (இல்லத்தரசி)

பதில்: அப்படியானால் பி.டி. குரூசர்தான். 2000-லிருந்து 2010 வரை தயாரானது. உயரமான கூரை, பின் சீட்டைக் கழற்றியே வெளியே வைக்கலாம். பெரியவர்கள் பின்னால் நிமிர்ந்து உட்காரலாம், மினியிலும் 500-லும் அது நடக்காது. 2.4 லிட்டர் இன்ஜினை நெருக்கமான இடத்தில் திணித்திருப்பதால் டைமிங் பெல்ட் மாற்றக் கூலி கூடும். பெல்ட் மாற்றிய பில் இருக்கும் காராகத் தேடுங்கள். முன் சஸ்பென்ஷன் புஷ்களைப் பார்க்கச் சொல்லுங்கள். தயாரிப்பு நின்று நாளாகிவிட்டதால் சாமான் எங்கே கிடைக்கும் என்பதை வாங்குவதற்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் மெக்கானிக்கைக் கூட்டிவருகிறேன் என்றால் விற்பவர் மறுக்கிறார். (பெயர் வேண்டாம் என்று எழுதியவர்)

பதில்: அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: பேரம் முடிந்தது, அடுத்த வாரம் மினி வீட்டுக்கு வருகிறது. முதலில் என்ன செய்ய வேண்டும்? (கல்லூரி மாணவர்)

பதில்: வாழ்த்துகள் தம்பி. பணம் கைமாறும் முன் ஒரு வேலை. பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணைக் காரில் பொறித்த எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். கடன் பாக்கி இல்லை என்ற சான்றைக் கையில் வாங்குங்கள். அதே எண்ணைக் கொடுத்து, நிறுவனம் திரும்ப அழைத்துச் சரிசெய்த குறைகள் இந்தக் காரில் பாக்கி உள்ளனவா என்று கேளுங்கள். மினி கூப்பர் எஸ் என்றால் டர்போவைக் குளிர்விக்கும் துணைத் தண்ணீர்ப் பம்புக்காக 2012-ல் அப்படி ஒரு அழைப்பு இருந்தது. இந்த வேலைக்குப் பொதுவாகக் காசு வாங்க மாட்டார்கள். முந்தைய உரிமையாளர் போகாமல் விட்டிருக்கலாம்.

வந்த பிறகு, போன சர்வீஸ் எப்போது என்று யோசிக்காமல் இன்ஜின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், பிரேக் ஆயில் நான்கையும் மாற்றிவிடுங்கள். அன்றைய கிலோமீட்டரை ஒரு நோட்டில் எழுதி, உங்கள் கணக்கை அங்கிருந்து ஆரம்பியுங்கள். ஆரம்பத்தில் ஒவ்வொரு முறை பெட்ரோல் போடும்போதும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள், கார் எவ்வளவு ஆயில் குடிக்கிறது என்று தெரிந்துவிடும். பானெட்டில் கோடு ஒட்டுவது, விளக்கைச் சுற்றிக் குரோம் வளையம் போடுவதெல்லாம் அப்புறம். முதல் கொஞ்ச காலம் காரை உள்ளபடியே ஓட்டுங்கள். விற்றவர் பழைய சாமான், இரண்டாவது சாவி, ரேடியோவின் ரகசிய எண் அட்டை எதையாவது வீட்டில் வைத்திருப்பார். சாவி வாங்கும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள், பிறகு போன் எடுக்க மாட்டார்கள்.